நீலகிரிக்காரர்களின் ஆல்பங்களில் இந்த ஆண்டின் சிறந்த ஐந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கோத்தகிரிப் பக்கத்து வாசகர் வட்டம் ஒன்றுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டு நம் மலைக்காரர்கள் வெளியிட்டவை என்று நாற்பது ஆல்பம் சேர்ந்திருக்கிறது. பாதி யூடியூப், கொஞ்சம் பென் டிரைவ், நாலைந்து பழைய கேசட்டிலிருந்து ஏற்றியவை. அதில் ஐந்தை எடுத்து, தை பிறந்ததும் மூன்று மாலை நூலக ஹாலில் போட்டுக் காட்டி, ஒரு பக்கத் தாளும் அச்சடிக்க வேண்டும். முதல் சுற்றில் கைதூக்கச் சொன்னதில் ஐந்தும் கீபோர்டு போட்ட படகப் பாட்டாகவே வந்துவிட்டது. கோத்தர் என்ற மலைப் பழங்குடியினரின் வாசிப்பை ‘ஒரே இரைச்சல்’ என்று நாலாவது நிமிடத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ‘எந்த ஐந்து?’ என்பது உங்கள் கேள்வியின் மேல்தோல்தான். ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை வகை இசையை ஒரே தராசில் நிறுப்பது எப்படி, இரைச்சல் என்று காதில் பட்டது இசையா, பதிவா, இல்லை ஹாலா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. ஒலிப்பதிவும் மிக்சிங்கும் என் தொழில், அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். பாட்டின் பொருளையும் சடங்கையும் பற்றி அந்தந்த ஊர்க்காரர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

முதலில் ‘ஆல்பம்’ என்ற சொல்லையே கொஞ்சம் தளர்த்துங்கள். ஸ்ட்ரீமிங் கம்பெனிகளின் கணக்கில் ஏழு டிராக்கோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது மொத்தம் 30 நிமிடம் தாண்டினால் ஆல்பம். நாலு முதல் ஆறு டிராக், 30 நிமிடத்துக்குள் என்றால் இ.பி. அதற்கும் கீழே சிங்கிள். மூன்றரை நிமிடப் பாட்டை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இது. இருபது நிமிடம் நிற்காமல் ஓடும் ஓர் ஆட்ட மெட்டை இந்தக் கணக்கு ‘சிங்கிள்’ அல்லது ‘இ.பி.’ வரிசையில் தள்ளப் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது ஒரே மனதோடு சேர்த்து வைத்த ஒரு தொகுப்பு. ஒரே குழு, ஒரே பதிவு முறை, வரிசைக்கு ஒரு காரணம், மொத்தம் 20 நிமிடத்துக்குக் குறையாமல் என்று வைத்துக்கொண்டாலே நாற்பதில் பாதி கழிந்துவிடும். ஒரு கல்யாணத்துக்குப் போட்ட பாட்டு, ஒரு தேர்தலுக்குப் போட்ட பாட்டு, நடுவில் ஒரு பக்திப் பாட்டு என்று ஒரே சேனலில் அடுக்கிக் கிடப்பது ஆல்பம் ஆகாது. தனித்தனியாக நல்ல பாட்டாக இருக்கலாம், அதற்கு வேறு பட்டியல் போடுங்கள்.

‘உள்ளூர்’ என்பதற்கும் ஒரு எல்லை வேண்டும், ஆனால் வருவாய் மாவட்டக் கோட்டை அப்படியே எடுக்காதீர்கள். 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது பெற்ற நஞ்சியம்மா அட்டப்பாடிக்காரர். கோட்டின்படி பாலக்காடு மாவட்டம். பாடியது இருளர் பாட்டு, அதே மக்களின் பதிகள் (சிற்றூர்கள்) கோத்தகிரிச் சரிவிலும் இருக்கின்றன. 2022ல் அந்த விருது அறிவித்தபோது ‘முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா?’ என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி உங்கள் ஹாலிலும் எழும். தயாராக இருங்கள். என் கணக்கில், பாடுபவரின் சமூகமோ குடியிருப்போ இந்த மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருந்தால் உள்ளூர். சென்னையிலிருந்து ஒருவர் வந்து தோடர் குரலை நாலு வினாடி வெட்டி எடுத்து எலக்ட்ரானிக் தாளத்துக்கு மேல் ஒட்டியிருந்தால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளூர் இல்லை.

‘இந்த ஆண்டு’ என்பதில்தான் அதிகம் ஏமாறுவீர்கள். யூடியூப் காட்டுவது ஏற்றிய தேதியை மட்டும். பழைய கேசட்டை இந்த ஆண்டு ஏற்றினால் இந்த ஆண்டுப் பாட்டு மாதிரிதான் தெரியும். சந்தேகம் வந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் பாருங்கள். மேல் அதிர்வெண்கள் மங்கி, முழுவதும் ஒரே மாதிரி ‘ஸ்ஸ்’ பரவியிருந்தால் பெரும்பாலும் டேப். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் நின்றால் அது 128 கேபிபிஎஸ் மாதிரி சுருக்கிய ஃபைல். அது புதிய பதிவாகவும் இருக்கலாம், ஆகவே அதை வைத்து மட்டும் வயதைச் சொல்லக் கூடாது. டேப்பில் இன்னொரு விஷயம் உண்டு. கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும், ஆனால் வீட்டு டெக்குகள் இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே ஓடும். மூன்று சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி 51 சென்ட் ஏறிவிடும், அதாவது அரைச்சுரத்தில் பாதி. பாடுபவர் குரல் இளசாகக் கேட்கும், தாளம் துள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அன்று பதிவில் கலந்துவிட்ட ‘ஹம்’ (மின்சார ரீங்காரம்) இன்று துப்பாகப் பயன்படும். ஸ்பெக்ட்ரம் பார்க்கும்போது அந்த ஹம் 51.5ல் நின்றால் டேப் மூன்று சதவீதம் வேகம். ‘சேஞ்ச் ஸ்பீட்’ வைத்து 50க்குக் கொண்டுவந்து பிறகு கேளுங்கள். டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது புதிதாக நுழைந்த ஹம்மும் 50லேயே நிற்கும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு கோடு தெரிந்தால் 50ல் நிற்காததுதான் பழையது. இந்த மாதிரி மறுவெளியீடுகளைப் போட்டியில் சேர்க்காமல், மூன்றாம் மாலையில் கடைசியாகத் தனியே போடுவது மரியாதை.

தேர்வுக்கு உட்காருமுன் ஃபைல்களைச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் கைதூக்கச் சொன்னதுதான் முதல் சுற்றின் பெரிய கோளாறு என்று நினைக்கிறேன். இரண்டு பதிவில் ஒன்று ஒன்றிரண்டு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே, எது சத்தமோ அதுதான் ‘நல்ல ரெக்கார்டிங்’ என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். கீபோர்டு, ரிதம் பேட் போட்ட பாட்டுகள் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸர், லிமிட்டர் எல்லாம் போட்டு மைனஸ் 9, மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) வரை ஏற்றப்பட்டிருக்கும். வெட்டவெளியில் ஒரு ஜோடி மைக்கில் எடுத்த கோத்தர் வாசிப்பு மைனஸ் 20க்கும் கீழே கிடக்கும். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்கள் மைனஸ் 14க்குச் சமன் செய்கின்றன, ஆனால் பென் டிரைவில் யாரும் சமன் செய்வதில்லை. பாடியவர்களிடம் மூல வேவ் அல்லது ஃப்ளாக் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வாங்காதீர்கள், சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஆடாசிட்டியில் ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ எடுத்து எல்லாவற்றையும் மைனஸ் 23க்குக் கொண்டுவந்து, ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். மைனஸ் 14 போதுமே என்று தோன்றும். ஆனால் தோல் கருவி அடியின் உச்சி சராசரியைவிட 18 டெசிபெல் வரை மேலே நிற்கும். மைனஸ் 14க்கு ஏற்றினால் உச்சி பூஜ்யத்தைத் தாண்டி நாலு டெசிபெல் போகும், வெட்டுப்படும், ‘தட்’ என்ற அடி ‘சப்’ என்று விழும். மைனஸ் 23ல் அதே உச்சி மைனஸ் 5ல் பத்திரமாக நிற்கும்.

ஹால் விஷயம் இதைவிட முக்கியம். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் இருந்தால், இரண்டிலிருந்து ஐந்து கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பும். மனிதக் காது கூர்மையாக இருப்பதும் அதே பகுதியில், சீவாளி போட்ட ஊதுகருவி அதிகம் கொட்டுவதும் அதே பகுதியில். உங்கள் ‘இரைச்சலில்’ பாதி இங்கேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் பின்சுவரிலும் எதிர்ச்சுவரிலும் கனத்த கம்பளிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். ப்ளூடூத் பெட்டி வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர், கேட்பவரோடு சேர்த்துச் சம முக்கோணம், பக்கம் இரண்டு மீட்டர், ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில். தேர்வுக் குழு ஆறு பேருக்கு மேல் வேண்டாம், நடுவில் உட்காராதவருக்கு ஸ்டீரியோவே கிடைக்காது. ஃபோன் ஆப்பில் 75 டெசிபெல் காட்டுகிற அளவு போதும் (அந்த ஆப்கள் துல்லியமில்லை, எல்லாப் பதிவுக்கும் ஒரே அளவு என்பதற்காகத்தான்). ஒரே உட்காரலில் 45 நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். காது களைத்த பிறகு எல்லாமே கத்துகிற மாதிரிதான் இருக்கும்.

இப்போது கோத்தர் வாசிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியல் நேர்மையானதா என்பது இதில்தான் தெரியும். கொள் என்பது நாதஸ்வரத்தின் தூரத்து உறவு, இரட்டை நாக்கு போட்ட கூம்புக் குழல். அதே சொல் மெட்டையும் குறிக்கும். கூடவே சட்டத்தில் தோல் கட்டிய தப்பட்டை, இருபக்கத் தோல் முரசுகள், வளைந்த பித்தளைக் கொம்பு. மைக் எங்கே வைத்தார்கள் என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். குழலின் வாய்க்கு நேரே ஒரு சாண் தூரத்தில் மைக் வைத்தால், விரல் துளைகளிலிருந்து வரும் உடம்புச் சத்தம் போய், வாய் வழியாக வரும் மேல் அதிர்வெண்கள் மட்டும் கூர்மையாகக் கொட்டும். எல்லாத் துளையும் மூடிய அடிச்சுரம் மட்டும் திடீரென்று முழுதாக வந்து மோதும். ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு பருமனில் குதித்துக் குதித்து வந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக எடுத்தவர் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் 45 டிகிரியில், நடுத் துளைகளைப் பார்த்து வைத்திருப்பார். அப்போது சுரங்கள் ஒரே உடம்பாகக் கேட்கும். இன்னும் நல்லவர் முழுக் குழுவையும் மூன்று நாலு மீட்டரில் ஒரு ஜோடி மைக்கில் எடுத்திருப்பார். 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி விரித்து வைப்பது ஒரு பழக்கமான முறை. தப்பட்டை இடப்பக்கம், முரசு வலப்பக்கம் என்று கை வைத்துக் காட்டலாம்.

தோலைக் கேளுங்கள். பனியிலும் தூறலிலும் தோல் ஈரம் குடித்துத் தொய்யும், நெருப்பில் காட்டினால் இறுகும். நல்ல பதிவில் முதல் அடியே ‘டண்’ என்று வெடித்து உடனே நிற்கும். காய்ச்சாத தோலில் ‘தொப்’ என்று விழுந்து, அடியின் முனையே கேட்காது. ஒரே டிராக் பதினைந்து நிமிடம் ஓடும்போது கடைசியில் அடி சற்றுத் தாழ்ந்திருந்தால் அது வாசிப்பவர் சோர்வு இல்லை, மூடுபனி இறங்கியிருக்கிறது. இதைக் குறையாக எண்ணாதீர்கள். டிராக்குக்கு டிராக் அடியின் சுருதி மாறாமல், ஒவ்வோர் அடியும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், யாரோ சாம்பிள், அதாவது முன்பே பதிந்து வைத்த ஒற்றை அடியைப் போட்டு மாற்றியிருக்கிறார்கள்.

சுருதி மாறுகிறது என்று குழுவில் யாராவது சொல்வார்கள். இங்கே உறுதியானதையும் ஊரில் பேசிக்கொள்வதையும் பிரித்துக்கொள்ளுங்கள். ‘மலை உயரத்தில் காற்று மெலிசு, அதனால் சுருதி ஏறும்’ என்பது தவறு. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவுதான். ஆனால் ஒலியின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்ததல்ல, வெப்பநிலையைப் பொறுத்தது. 10 டிகிரியில் வினாடிக்குச் சுமார் 337 மீட்டர், 25 டிகிரியில் 346. இதைக் கணக்குப் போட்டால் ஊதுகருவி குளிரில் 45 சென்ட் வரை இறங்க வேண்டும். நடைமுறையில் மூச்சின் சூடு குழலுக்குள் ஏறிவிடுவதால் அவ்வளவு இறங்காது, முதல் சில நிமிடங்களில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். கித்தார் மாதிரி உலோகத் தந்திகள் இதற்கு நேர் எதிர். குளிரில் சுருங்கி இழுவை கூடும், சுருதி ஏறும். கொள்ளோடு கித்தார் சேர்த்து விடியற்காலையில் எடுத்த ‘ஃப்யூஷன்’ ஆல்பங்கள் ஆரம்பத்தில் கசப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, கொள்ளின் சுரங்கள் பியானோவின் பன்னிரண்டு கட்டங்களில் உட்காருவதில்லை என்பது. கீபோர்டில் ‘மாஸ்டர் டியூன்’ திருகி அடிச்சுரத்தைப் பொருத்திவிடலாம், ஆனால் சுரங்களுக்கு இடையிலான தூரத்தை அந்தத் திருகால் மாற்ற முடியாது. கொள் 444 ஹெர்ட்ஸில் நீட்ட, கீபோர்டு 440ல் பிடித்தால் வினாடிக்கு நாலு தடவை சத்தம் விம்மி விம்மி வரும். அந்த விம்மல் கேட்டால் யாரோ பொருத்திப் பார்க்காமல் கார்டு (ஒரே நேரத்தில் பல சுரம் சேர்ந்த கட்டு) அமுக்கியிருக்கிறார்கள். அதைவிட மோசம், கீபோர்டுக்காகக் கொள்ளையே ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளில் நிமிர்த்துவது. சுரத்துக்குச் சுரம் படிக்கட்டு ஏறுவதுபோல் நறுக் நறுக்கென்று மாறும், வழுக்கல் போய்விடும். ஒத்துப்போகிற ஃப்யூஷனும் உண்டு. ஒரே சுரத்தை அடியில் பிடித்து, அதையும் கொள்ளின் சுருதிக்கே இழுத்துக் கட்டி, கார்டு எதுவும் போடாமல் விட்டவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

தாளத்திலும் இதே கதைதான். ரிச்சர்ட் வுல்ஃப் என்ற இசை ஆய்வாளர் கோத்தர்களிடம் ஆண்டுக்கணக்கில் பழகி 2005ல் ஒரு நூல் எழுதினார். கொள்ளின் மெட்டும் முரசின் தாளமும் ஒவ்வோர் அடியிலும் ஒட்டிப் போவதில்லை, சில குறிப்பிட்ட இடங்களில் வந்து சேர்ந்துகொள்கின்றன, நடுவில் நெகிழ்வாகப் போகின்றன என்பது அவர் காட்டியவற்றில் ஒன்று. ஆதிதாளத்தில் சமத்தை விரலில் எண்ணிப் பழகியவருக்கு இது ‘தாளம் தவறுகிறது’ என்று கேட்கும். மெட்டு எங்கே திரும்புகிறது, அப்போது முரசு என்ன செய்கிறது என்று அந்தச் சேரும் இடத்துக்காகக் காத்திருந்து கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில் பிடிபடும். இதனால்தான் காதில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) வைத்து வாசிக்கச் சொல்லி, பிறகு கம்ப்யூட்டரில் அடிகளைக் கோட்டுக்குக் கோடு இழுத்து வைத்த பதிவு சுத்தமாகத் தெரிந்தாலும் செத்துக் கிடக்கும். நான்கு நிமிடத்தில் நிறுத்திய உங்கள் குழு, சேரும் இடம் வருமுன்பே எழுந்துவிட்டது. இந்த ஒரு வகைக்கு மட்டும் குறைந்தது பன்னிரண்டு நிமிடம் என்று விதி வையுங்கள்.

தோடர் பாட்டு உங்கள் நாற்பதில் இரண்டுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கருவி தேடாதீர்கள், தாளக்கட்டும் தேடாதீர்கள். எமனோ என்ற மொழியியலாளர் 1935லிருந்து 1938 வரை இந்தியாவில் தங்கிச் சேகரித்து 1971ல் வெளியிட்ட தொகுப்பு காட்டுகிறபடி, பாட்டு மூன்று மூன்று அசையான சிறு துண்டுகளால் ஆனது. ஒரு துண்டு சொன்னால் அதன் இணைத்துண்டு கூட வரும். எருமை, மந்து (தோடர் குடியிருப்பு), மலை, ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் மரபில் வந்த சொற்கட்டுகள் உண்டு, பாடுபவர் அந்த நேரத்து நிகழ்ச்சிக்கு அவற்றைக் கோர்க்கிறார். கோர்ப்பில்தான் கெட்டிக்காரத்தனம். பொருள் தெரியாமல் இதைத் தரம் பிரிக்கவே முடியாது. பாடியவர் ஒருவரை வரவழைத்து வரிவரியாகச் சொல்லக் கேட்டபின் வாக்களியுங்கள். பதிவுப் பக்கம் கவனிக்க ஒன்றுதான். குரல் தொண்டைக்குள் அழுத்தி வருவதால் மைக் 30, 40 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். வாயருகே வைத்தால் அடிப்பகுதி வீங்கி, சொல் மூழ்கிவிடும்.

படகப் பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம், உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும். ஹட்டியில் (படகர் ஊரில்) வட்டமாக ஆடும்போது பாடுவதற்கும் ஸ்டுடியோவில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாடுவதற்கும் நடுவே தொலைவது, ஆட்டத்தின் கால். நூறு பேர் ஒரே காலடியில் மண்ணை மிதிக்கிற அந்த எடை, கீபோர்டின் ஸ்டைல் பட்டனில் கிடையாது. ஏழு பாட்டிலும் ஒரே ரிதம் பேட்டர்ன், ஒரே ஃபில், ஒரே இடத்தில் ஒரே வயலின் சத்தம் வந்தால் அது பாடகரின் ஆல்பமாக நிற்கவில்லை. பாடகரின் தனிக்குரல் மட்டும் ஒரு டிராக்கிலாவது கிடைக்கிறதா, நடுவே வரும் கூவல் உண்மையான கும்பலின் கூவலா, ஒரே குரலை எட்டாகப் பிரதியெடுத்ததா என்று பாருங்கள். எட்டுப் பிரதி என்றால் எல்லாரும் ஒரே கணத்தில் மூச்சு வாங்குவார்கள்.

இருளர், குறும்பர் பாட்டுகளில் குழலும் தோலும் குரலும் நெருக்கமாகப் பின்னியிருக்கும். தனித்தனியாக வேறு வேறு நாளில் டிராக் எடுத்து ஒட்டியது உடனே தெரிந்துவிடும், கேள்விக்குப் பதில் வருவதுபோல் இருக்காது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரி எஸ்டேட் லைன்களில் குடியேறியவர்களின் தெம்மாங்கும் காமன் கூத்துப் பாட்டும் உங்கள் நாற்பதில் ஒன்றுகூட இல்லை. விடுபட்டிருக்கும், தேடுங்கள். கித்தார் குழுக்களும் சர்ச் பாட்டுகளும் பெரிய பிரச்சினை இல்லை, அவற்றை மதிப்பிட உங்கள் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது.

எல்லா வகைக்கும் பொதுவாக நாலு கோளாறுகளைத் தேடுங்கள். முரசு விழும்போதெல்லாம் குரல் உள்ளே அமுங்கி மீண்டும் எழுந்தால் கம்ப்ரஸர் அதிகம். பாட்டு முடிந்து அடங்கும் இடத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ‘குளுகுளு’ என்றால் இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவு தெரியாமல் போட்டிருக்கிறார்கள். தேயிலை ஃபேக்டரி உறுமலை மறைக்க இப்படிச் செய்வார்கள், உறுமலை அப்படியே விட்டிருக்கலாம். மோனோவில் போட்டதும் குரல் மறைந்தால் இடது, வலது எதிரெதிர் ஃபேஸில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி) இருக்கின்றன. மோனோவாக ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தால் தெரியும். வெட்டவெளியில் நடந்த ஆட்டத்துக்குத் தேவாலய எதிரொலி சேர்த்திருந்தால் அதற்கும் மதிப்பெண் குறையுங்கள். ஆனால் காற்று, குழந்தை அழுகை, நாய், தூரத்து ஜீப் எதற்கும் குறைக்காதீர்கள். காற்று நேரே மைக்கில் அடித்து ‘படபட’ என்று கிழிந்தால் மட்டும் அது எடுத்தவரின் பிழை, மயிர் உறை போடவில்லை.

அனுமதியும் தேர்வில் ஒரு மதிப்பெண்தான், பின்குறிப்பு அல்ல. கோத்தர் மெட்டுகளில் தெய்வத்துக்கு வாசிப்பவை வேறு, சாவுக்கு வாசிப்பவை வேறு. சாவு மெட்டைப் பொங்கல் வாரத்தில் நூலக ஹாலில் போட்டால், கேட்கிற கோத்தர் எழுந்து போவார், போகத்தான் வேண்டும். ஒவ்வொரு டிராக்கும் எப்போது வாசிப்பது, பொதுவில் போடலாமா என்று வாசித்தவரிடமே கேளுங்கள். சட்டத்தில், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துபவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. மெட்டு பழமையானது, யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிப் பாடியவரைத் தாண்டிப் போக முடியாது. லாப நோக்கமில்லாத மன்றம் தன் நடவடிக்கையாகப் பதிவை ஒலிக்கவிடுவதற்கு 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டாலோ ஸ்பான்சர் பேனர் கட்டினாலோ அது பொருந்துமா என்பது வழக்கறிஞரைக் கேட்க வேண்டிய கேள்வி, என்னை அல்ல.

வாக்கெடுப்பை இப்படி மாற்றுங்கள். முதலில் வகைக்குள் மட்டும் ஒப்பிட்டு, வகைக்கு இரண்டு வரை எடுங்கள். ஆறு பேர் குழுவில் ஒரே மொழிக்காரர் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். குழுவில் இல்லாத ஒருவர் பெயர்களை மறைத்து எண் போட்டுத் தரட்டும். மொழியை மறைக்க முடியாது, ஆனால் ‘நம்ம ஊர்ப் பையன்’ என்ற ஓட்டு குறையும். கடைசியில் வகைகளைத் தாண்டி ஐந்து எடுக்கும்போது வரிசை எண் கொடுக்காதீர்கள். தோடர் குரலையும் கித்தார் குழுவையும் முதலாவது, இரண்டாவது என்று சொல்ல எந்த அளவுகோலும் கிடையாது. மதிப்பெண் சமமாக வந்தால் நான் எப்போதும் குறைவாகத் திருத்தியதன் பக்கம்தான் சாய்வேன். அது என் சாய்வு, விதி இல்லை.

தாளில் பாடகர் பெயரோடு நிறுத்தாமல், முரசு அடித்தவர், கொம்பு ஊதியவர், பதிவு செய்தவர், எந்த ஊரில் எந்த மாதம் எடுத்தது எல்லாம் போடுங்கள். எழுத்துக்கூட்டலை அவர்களிடமே கேளுங்கள். தமிழ் எழுத்தில் க-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் (ga) வேறுபாடு காட்ட முடியாது, தோட மொழியின் ரகர வகைகளுக்கு நம்மிடம் எழுத்தே போதாது. அவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே அச்சிடுங்கள்.

ஒலிக்கவிடும் மாலைகளில் தோடர் குரலை முதலில் வையுங்கள், சத்தமான பாட்டுக்குப் பிறகு அது காதில் ஏறாது. கொள் வாசிப்பை ஹாலுக்குள் போடவே போடாதீர்கள். ஸ்பீக்கர்களை வாசலில் வைத்து முற்றத்தைப் பார்த்துத் திருப்பி, கேட்பவர்களை ஆறு மீட்டர் தள்ளி நிற்கவிடுங்கள். அது வெளியில் வாசிக்கிற இசை, சுவர் இல்லாவிட்டால் அந்த இரைச்சல் பெரும்பாலும் காணாமல் போகும். ஃபைல்களை இரண்டு பென் டிரைவில் வையுங்கள், ஆம்ப்ளிஃபயருக்கு யு.பி.எஸ். இருக்கட்டும். ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் குளிர் இறங்கிவிடும், வெளியே வைக்கிற பகுதியை நாலு மணிக்கே தொடங்கி ஐந்துக்குள் முடித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.